சக்தி இருந்தும் சறுக்குவது ஏன்?

மாட்டு வண்டி ஓட்டிப் பழகிய பெரியவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். முன்பாரம் என்றால் என்ன, பின்பாரம் என்றால் என்ன என்பதை ஒரு நிமிஷத்தில் விளக்கிவிடுவார். மூட்டைகள் பின்னால் அதிகமாகிவிட்டால் நுகத்தடி மேலே கிளம்பும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். பாவம், அதன் கால் மண்ணில் ஊன்றாது. முன்னால் அதிகமானாலோ நுகம் கழுத்தை நசுக்கும். அதனால்தான் மேட்டில் ஏறும்போது வண்டிக்காரர் ஏர்க்கால் பக்கமாக முன்னே தள்ளி உட்காருகிறார். இறக்கத்தில் பின்னுக்கு நகர்ந்துகொள்கிறார். இழுக்கும் பிராணிக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பது ஒரு விஷயம். அந்தப் பலம் தரையில் ஊன்றுகிறதா என்பது முற்றிலும் வேறு விஷயம். இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாந்தவர்கள் மாட்டு வண்டிக்காரர்களில் மிகக் குறைவு. மோட்டார் நிபுணர்களிலோ பலர் உண்டு.

அப்படி ஏமாந்து, தோற்று, பின்பு கண் விழித்த ஒரு பெரிய கம்பெனியின் கதையைத்தான் நாம் இங்கே சொல்லப் புகுகிறோம். கதை நடந்த இடம் ஜெர்மனி தேசம். காலம் 1934 முதல் 1937 வரை. கதையில் வரும் வண்டிகள் பந்தய வண்டிகளே ஆயினும், பின் சக்கரங்களால் ஓடும் பலமிக்க மோட்டார் ஒவ்வொன்றுக்கும் இதே வியாதியும் இதே வைத்தியமும் உண்டு என்பதால், பந்தயத்தில் பற்றில்லாத நேயர்களும் சற்றுப் பொறுமையோடு உடன் வரலாம்.

முதலில் வியாதியின் குணத்தைப் பார்ப்போம். நின்ற வண்டி திடீரென்று முன்னே பாயும்போது உள்ளே இருப்பவர்கள் பின்னால் சாய்கிறார்கள் அல்லவா? வண்டியும் அப்படியே சாய்கிறது. முன் சக்கரங்களின் மேலிருந்த பாரத்தில் ஒரு பகுதி பின் சக்கரங்களுக்கு மாறிவிடுகிறது. பின் சக்கர ஓட்டத்தின் பெரிய அனுகூலமே இதுதான். எந்தச் சக்கரம் தள்ளவேண்டுமோ அதன் மேலேயே பாரம் வந்து இறங்குகிறது. எவ்வளவு இறங்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாலு வரிக் கணக்குத்தான்.

எண்ணெயும் ஓட்டியும் சேர்ந்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு வண்டி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.8 மீட்டர் தூரம். அதன் கனத்தின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பூமியின் ஈர்ப்பு வேகத்தில் பாதி அளவுக்கு அது வேகம் எடுக்குமானால், முன்னாலிருந்து பின்னால் மாறும் பாரம் ஏறக்குறைய 100 கிலோ. நிற்கும்போது பின் அச்சின் மேல் 550 கிலோ இருந்தால் பாயும்போது 650 ஆகிறது. டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு, பாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு என்று கொண்டால், பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து தரையைப் பற்றக்கூடிய பலம் 585 கிலோ. இந்த வேகத்தில் வண்டியைத் தள்ளுவதற்கு மட்டும் வேண்டியது 550. கையிருப்பு முழுவதும் அநேகமாக அதிலேயே செலவழிந்துவிட்டது!

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. டயரின் பிடிப்பு என்பது ஒரே பணப்பை. முன்னே தள்ளுவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வளைவில் வண்டி வெளியே வழுக்காமல் பக்கவாட்டில் தாங்குவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டு செலவும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக இருப்பதால், 585-இல் 550 முன்னோக்கிப் போய்விட்டால் பக்கவாட்டுக்கு மிஞ்சுவது சுமார் 200. நேர்ப் பாதையில் இது போதும். வளைவிலிருந்து வெளிவரும்போது ஓட்டி அரை அங்குலம் அதிகமாக மிதியை அழுத்தினால், அந்த 200-உம் பறந்துபோகும். வண்டியின் வால் முகத்தை முந்திக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும்.

இந்த நிலையில் தரை சற்று மேடு பள்ளமாக இருந்து, சக்கரம் ஒரு கணம் மேலே துள்ளினால் என்ன ஆகும்? துள்ளிய கணத்தில் அதன் மேல் பாரமே இல்லை. பிடிப்பும் இல்லை. யந்திரத்தின் முழுச் சக்தியும் அந்த வெற்றுச் சக்கரத்தை வெறி பிடித்தாற்போல் சுழற்றிவிடும். அது மறுபடி தரையில் இறங்கும்போது சுழல்கிற டயர் உருளவில்லை, தேய்கிறது. ஆகவே சக்தி மிகுந்த வண்டியின் உயிர் யந்திரத்தில் இல்லை. சக்கரத்தைத் தரையோடு ஒட்டவைத்திருக்கும் வில்லிலும், அச்சிலும், அதிர்ச்சியை அடக்கும் கருவியிலும் இருக்கிறது. வில்வண்டியில் பயணம் செய்த நம் முன்னோர் வில் என்பது முதுகு நோகாமல் இருப்பதற்கு என்று நினைத்திருக்கலாம். மோட்டாரில் அது சுகத்துக்காக மாத்திரம் ஏற்பட்டதன்று.

இனிக் கதைக்கு வருவோம். 1934-ம் வருஷத்தில் கிராண்ட் பிரிக்ஸ் பந்தயங்களுக்கு ஒரு புதிய விதி ஏற்பட்டது. ஓட்டி, எண்ணெய், தண்ணீர், டயர்கள் நீங்கலாக வண்டியின் எடை 750 கிலோவுக்கு மேற்படக்கூடாது என்பது விதி. எடையைக் கட்டுப்படுத்தினால் பெரிய யந்திரங்களை வைக்க முடியாது, வேகம் குறையும் என்பது விதி வகுத்தவர்களின் எண்ணம். யந்திரத்தின் அளவுக்கு மாத்திரம் அவர்கள் எல்லை விதிக்கவில்லை. ஜெர்மனியின் மெர்ஸிடிஸ்-பென்ஸ், ஆட்டோ யூனியன் என்ற இரண்டு கம்பெனிகள் இலேசான உலோகங்களைக் கொண்டு வண்டியின் உடலை மெலியவைத்து, மிச்சமான எடையையெல்லாம் யந்திரத்தில் கொண்டுபோய்க் கொட்டின. மூன்றே வருஷத்தில் சக்தி ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. வேகத்தை அடக்கப் பிறந்த விதி வேகத்துக்கே தாயாயிற்று. இவ்விரு கம்பெனிகளுக்கும் ஹிட்லரின் அரசாங்கம் பொருளுதவி செய்தது என்பதையும், அவ்வெற்றிகளைத் தன் கட்சியின் பிரசாரத்துக்குப் பறைகொட்டப் பயன்படுத்திக்கொண்டது என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை. இன்ஜினியர்களின் திறமையை மெச்சும்போது அந்தப் பணம் எந்தக் கையிலிருந்து வந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மெர்ஸிடிஸ் கம்பெனியின் 1934-ம் வருஷத்து வண்டிக்கு டபிள்யூ 25 என்று பெயர். ஆரம்பத்தில் அதன் யந்திரம் சுமார் 350 குதிரைச் சக்தி கொடுத்தது. அக்காலத்தில் அது பிரமாதமான சக்தி. நாலு சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் அசையும்படி அமைத்திருந்தார்கள். பின்புறத்தில் இருந்தது ஆடும் அச்சு எனப்படும் ஏற்பாடு. அதாவது, பின் அச்சை நடுவில் இரண்டாக வெட்டி, பல்சக்கரப் பெட்டியின் இரு பக்கங்களிலும் கீல் வைத்துப் பூட்டியதுபோல் இருக்கும். பறவை தன் இறகுகளை அசைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உடல், இரு பக்கமும் இறகு, இறகின் நுனியில் சக்கரம்.

பார்க்க அழகான ஏற்பாடுதான். ஒரு பக்கத்துச் சக்கரம் கல்லில் ஏறினால் மறு பக்கத்துச் சக்கரத்துக்கு அது தெரியாது. பழைய கட்டை அச்சில் இந்த நயம் இல்லை. கட்டை அச்சுக்கு வேறொரு குறையும் உண்டு. யந்திரத்திலிருந்து வரும் நீளத்தண்டு சுழலும்போது, அந்த முறுக்கின் எதிர்விசை அச்சு முழுவதையும் ஒரு பக்கமாகத் திருகப் பார்க்கும். அதனால் ஒரு பின் சக்கரம் தரையில் அழுந்தும், மற்றது இலேசாகிவிடும். இலேசான சக்கரம் சுழலும். ஆடும் அச்சில் பல்சக்கரப் பெட்டி வண்டியின் சட்டத்தோடு பூட்டப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் இறகு மேலே போகும்போது நேராகவா போகிறது? வளைந்து போகிறது. சக்கரமும் அப்படியே. வண்டியின் பின்புறம் தாழும்போது சக்கரங்களின் தலைகள் உள்நோக்கிச் சாய்கின்றன. பின்புறம் உயரும்போது வெளிநோக்கிச் சாய்கின்றன. பாய்ந்து செல்லும்போது பின்புறம் தாழ்வதால் சக்கரங்கள் உட்சாய்ந்து ஓரளவு நன்றாகவே பிடிக்கும். வளைவின் நடுவில் ஓட்டி பயந்து மிதியிலிருந்து காலை எடுத்தாரோ, தீர்ந்தது கதை. பின்புறம் எழும்புகிறது, வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கிறது, தரையைத் தொடும் டயரின் அகலம் குறைகிறது, பக்கவாட்டு விசை வண்டியை இன்னும் மேலே நெம்புகிறது. மிதித்தாலும் ஆபத்து, எடுத்தாலும் ஆபத்து!

இதற்கு அக்காலத்து நிபுணர்கள் கண்டுபிடித்த மருந்து, வில்லை விறைப்பாக்குவது. சக்கரம் அதிகமாக அசைந்தால்தானே சாயும்? அசையவிடாமல் செய்துவிட்டால் சாயாது அல்லவா? தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. விறைத்த வில்லே வேகத்துக்கு உகந்தது என்பது அப்பொழுது பந்தய உலகத்தில் வேதவாக்காகவும் இருந்தது. ஆனால் விறைத்த வில்லுடைய சக்கரம் மேடு பள்ளத்தைத் தடவிச் செல்லாது; துள்ளித் துள்ளிச் செல்லும். துள்ளும் சக்கரத்தின் கதியை மேலே பார்த்தோம். 350 குதிரைச் சக்தி உள்ளவரை கெட்டிக்கார ஓட்டிகள் சமாளித்தார்கள். 1935-ம் வருஷத்தில் ருடால்ப் கரச்சியோலா அந்த வண்டியிலேயே ஐரோப்பிய சாம்பியன் பட்டம் பெற்றார்.

1936-ம் வருஷத்தில் கம்பெனியார் இன்னும் பெரிய யந்திரத்தை வைத்தார்கள். அச்சுகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் சுமார் 25 சென்டிமீட்டர் குறைத்தார்கள். இதில் உள்ள விபரீதத்தை நாலு வரிக் கணக்கு தெரிந்த நேயர்கள் இப்பொழுது தாங்களே சொல்லிவிடலாம். நீளம் குறைந்த வண்டி, வால் திரும்பத் தொடங்கினால் வேகமாகத் திரும்பிவிடும். ஓட்டிக்குத் திருத்திக்கொள்ள அவகாசம் இராது. சக்தியை ஏற்றிவிட்டு, அதைத் தாங்கும் அவகாசத்தைக் குறைத்துவிட்டார்கள். பலன், அந்த வருஷம் முழுவதிலும் முக்கியமான வெற்றிகள் இரண்டே. மானகோவிலும் டூனிஸிலும் கரச்சியோலா ஜயித்தார். மானகோவில் அன்று மழை. நனைந்த தெருவில் மிதியை மெல்லத் தொட்டு ஓட்டுவதில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர். மழை மன்னர் என்றே அழைப்பார்கள். அவருடைய கால் விரலின் நயத்தால் கிடைத்த வெற்றி அது. வண்டியினால் கிடைத்ததென்று சொல்வதற்கில்லை. கோடை முடிவதற்குள் கம்பெனியார் மற்றப் பந்தயங்களிலிருந்து விலகிக்கொண்டார்கள்.

போட்டிக் கம்பெனியாகிய ஆட்டோ யூனியனின் வண்டியும் சாதுவான பிராணி அன்று. பெர்டினாண்ட் போர்ஷே வகுத்த அந்த வண்டியில் பதினாறு ஸிலிண்டர் யந்திரம் ஓட்டிக்குப் பின்னால் இருந்தது. 1936-ம் வருஷத்தில் அது 520 குதிரைச் சக்தி கொடுத்தது. பின்புறத்தில் அதே ஆடும் அச்சுத்தான். யந்திரத்தின் பாரம் பின்னால் இருந்ததால் இழுவையில் அதற்கு அனுகூலம் உண்டு. ஆனால் ஓட்டியை மிகவும் முன்னால் உட்காரவைத்திருந்ததால், வால் சறுக்கத் தொடங்குவது அவர் முதுகுக்குத் தாமதமாகத்தான் தெரியும். அனுபவசாலிகள் பலர் அந்த வண்டியோடு மல்லுக்கட்டித் திணறினார்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து நேரே வந்த பெர்ண்ட் ரோஸ்மையர் என்ற இளைஞருக்கோ அது வசப்பட்டது. மற்றப் பந்தய வண்டி எதையும் ஓட்டிப் பழகாததால், வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவர் எண்ணியிருக்கலாம்! 1936-ம் வருஷத்துப் பட்டம் அவருக்கே கிடைத்தது. 1938-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி பிராங்பர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் இடையேயுள்ள நெடுஞ்சாலையில் வேக சாதனை ஒன்றுக்கு முயலும்போது அவர் உயிர் துறந்தார்.

ஆட்டோ யூனியன் வண்டியில் நாம் கவனிக்க வேண்டிய வேறொரு விசேஷமும் உண்டு. வளைவில் செல்லும்போது உட்புறச் சக்கரத்தின் பாரம் குறைந்துவிடும். சாதாரண டிபரென்ஷியல், இரு சக்கரங்களுக்கும் சரிசமமாகவே முறுக்கைக் கொடுக்கும். பாரம் குறைந்த சக்கரம் தாங்கமுடியாமல் சுழலும்போது, நன்றாகப் பிடித்திருக்கும் வெளிச் சக்கரத்துக்கும் அந்த அற்ப அளவே கிடைக்கும். வீட்டில் இரண்டு பிள்ளைகளில் ஒருவன் பட்டினி கிடந்தால் மற்றவனுக்கும் சோறு இல்லை என்று சொல்வது போன்ற நியாயம்! 1930-களின் நடுவில் போர்ஷேயின் யோசனைப்படி இஸட். எப். கம்பெனியார் தானே பூட்டிக்கொள்ளும் டிபரென்ஷியல் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். ஒரு சக்கரம் வீணாகச் சுழலத் தொடங்கினால் அது இரண்டையும் ஓரளவு சேர்த்துப் பிடித்துவிடும். இன்றும் பலமிக்க பின் சக்கர வண்டிகளில் இவ்வகைக் கருவி வைக்கப்படுகிறது.

தோல்வியால் நொந்துபோன மெர்ஸிடிஸ் கம்பெனியார் 1936-ம் வருஷத்தின் நடுவில் ஒரு காரியம் செய்தார்கள். அதுவரை வண்டியை வரைபவர்கள் ஓரிடத்திலும், பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் வேறிடத்திலும் இருந்தார்கள். நடுவில் நின்று வண்டி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்பவர் இல்லை. அந்த இடத்துக்கு ருடால்ப் ஊலன்ஹாட் என்பவரை நியமித்தார்கள். 1906-ம் வருஷம் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் ஜெர்மானியர், தாயார் ஆங்கில மாது. 1931-ம் வருஷத்தில் கம்பெனியில் சேர்ந்து சாதாரண மோட்டார்களைப் பரீட்சை செய்துகொண்டிருந்தார். வயது முப்பதுதான். பந்தய வண்டியை அதற்குமுன் ஓட்டியவரல்லர்.

அவர் செய்த முதற் காரியமே விசித்திரமானது. வரைபடங்களைப் புரட்டிக்கொண்டு அறையில் உட்காரவில்லை. இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டு நூர்பர்க்ரிங் பாதைக்குப் போய்த் தாமே ஓட்டத் தொடங்கினார். ஐபெல் மலைக் காடுகளுக்கு நடுவே 1927-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட அந்தப் பாதை ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 23 கிலோமீட்டர். ஏற்றமும் இறக்கமும் வளைவுமாகவே இருக்கும். அதில் பந்தய ஓட்டிகளுக்குச் சமமாக ஓட்டத் தெரியும்வரை ஓட்டினார். ஓட்டிகள் இதுவரை வண்டி ஆடுகிறது, சறுக்குகிறது என்று தங்கள் பாஷையில் சொல்லிவந்த குறைகளை, அவர் தம் உடம்பினாலேயே உணர்ந்து இன்ஜினியர் பாஷையில் எழுதிக்கொண்டார். நோயாளியும் வைத்தியரும் ஒருவரே ஆனதுபோல் ஆயிற்று.

அந்தப் பரீட்சையின்போது ஒரு சமயம் பின் சக்கரம் ஒன்று கழன்று ஓடிவிட்டதாகவும், வண்டி அதைப் பெரிதாக லட்சியம் செய்யாமல் சென்று நின்றதாகவும் சொல்வார்கள். கேட்பதற்கு வேடிக்கைபோல் இருந்தாலும் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. வில் அசையாத அளவுக்கு விறைத்திருந்தது. அசையவேண்டிய வில் அசையாவிட்டால் அதிர்ச்சி எங்கே போகும்? எடை குறைப்பதற்காகத் துளையிட்டு மெலியவைக்கப்பட்ட சட்டத்துக்குப் போகும். சட்டமே வில்லாக வேலை செய்துகொண்டிருந்தது! சட்டம் முறுக்கிக்கொள்ளும்போதெல்லாம் சக்கரங்கள் தம் இஷ்டப்படி திசை மாறின. நேராக ஓட்டுகிறோம் என்று ஓட்டி நினைத்துக்கொண்டிருக்க, பின் சக்கரங்கள் தாமாகவே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தன.

1937-ம் வருஷத்துக்காக உருவான டபிள்யூ 125 என்ற வண்டியில் ஊலன்ஹாட்டும் அவருடைய சகாக்களும் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினார்கள். விறைப்பான வில்லும் தளர்ந்த சட்டமும் போய், இளக்கமான வில்லும் விறைப்பான சட்டமும் வந்தன. சட்டத்துக்கு நிக்கலும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகினால் ஆன நீள்வட்டக் குழாய்கள். அச்சுகளின் இடைவெளி 2,798 மில்லிமீட்டராக நீண்டது. முன்புறத்தில் சுருள்வில்கள், பின்புறத்தில் முறுக்கு விசையால் வேலை செய்யும் நீண்ட எஃகுத் தண்டுகள். இவற்றோடு பலமான ஷாக் அப்ஸார்பர்கள். இந்தக் கடைசி விஷயம் மிக முக்கியம். வில் அதிர்ச்சியை வாங்கி வைத்துக்கொள்ளுமே தவிரச் செலவழிக்காது. வாங்கியதை உடனே திருப்பித் தந்துவிடும். இளக்கமான வில்லைத் தனியே விட்டால் வண்டி ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டேயிருக்கும். அந்த ஆட்டத்தைத் தின்று தீர்ப்பது ஷாக் அப்ஸார்பர். வில் இளக, அதன் காவலன் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

ஆனால் ஆடும் அச்சை வைத்துக்கொண்டு வில்லை இளக்கினால் சக்கரங்கள் முன்னைவிட அதிகமாகச் சாயுமே? ஆகையால் ஆடும் அச்சையே விட்டொழித்தார்கள். அதற்குப் பதிலாக வந்தது புதிய கண்டுபிடிப்பு அன்று; நாற்பது வருஷத்துப் பழைய சரக்கு. பிரான்ஸ் தேசத்து டி டியோன் கம்பெனியில் 1890-களில் ட்ரெபார்டூ என்பவர் நீராவி வண்டிகளுக்காக அமைத்த பின் அச்சு அது. நீராவியை விட்டுப் பெட்ரோலுக்கு மாறுவது பிடிக்காமல் அந்த மனிதர் கம்பெனியையே விட்டு விலகிப்போனார். பெட்ரோலை வெறுத்தவரின் அச்சு, பெட்ரோல் வண்டிகளில் மிகப் பலமான வண்டியைக் காப்பாற்ற வந்ததைப் பார்த்தீர்களா!

அதன் சூட்சுமம் இதுதான். இரண்டு பின் சக்கரங்களையும் ஒரு வளைந்த குழாய் இணைக்கிறது. ஆகவே சக்கரங்கள் மேலே போனாலும் கீழே வந்தாலும் தரைக்கு நேராக நிமிர்ந்தே நிற்கின்றன. பல்சக்கரப் பெட்டியோ குழாயோடு சேராமல் சட்டத்தில் தனியே இருக்கிறது. அதிலிருந்து முட்டியுள்ள குறுந்தண்டுகள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. கட்டை அச்சின் நிமிர்வு இதில் உண்டு. கட்டை அச்சின் திருகல் இல்லை. கனமான பெட்டி வில்லுக்கு மேலே போய்விட்டதால், வில்லுக்குக் கீழே துள்ளும் எடையும் குறைகிறது. துள்ளும் எடை குறைந்தால் சக்கரம் மேட்டில் ஏறியவுடன் விரைவில் தரைக்குத் திரும்பிவிடும். சக்கரங்களின் தள்ளும் விசை முன்னோக்கிச் செல்லும் கைத்தண்டுகளின் வழியே சட்டத்துக்குப் போய்ச் சேருகிறது.

இந்தக் கைத்தண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது. ஏனெனில் இக்காலத்தில் வண்டியைச் சீர்செய்வோர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். தள்ளும் விசை எந்தக் கோணத்தில் சட்டத்தைத் தொடுகிறதோ அதைப் பொறுத்து, வண்டியின் பின்புறம் பாயும்போது அதிகமாகத் தாழும், அல்லது குறைவாகத் தாழும். கைத்தண்டின் முன் முனையைச் சற்று உயர்த்திவைத்தால் விசையின் ஒரு பகுதி சட்டத்தை மேலே தூக்கிப் பிடிக்கும். வால் தாழாமல் இருப்பது கண்ணுக்கு அழகு. சக்கரத்தின் கோணமும் மாறாமல் இருக்கும். ஆனால் இதிலே ஆசை அதிகமானால் வில்லுக்கு வேலையே இல்லாமற் போகும். மிதியை அழுத்தியவுடன் பின் சக்கரங்கள் கடகடவென்று குதிக்கத் தொடங்கும். வில்லை விறைப்பாக்கிச் செய்த பழைய பிழையை வேறு வாசல் வழியாக உள்ளே அழைத்ததே ஆகும். வால் சிறிது தாழ்வதைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. பாரம் மாறுவது வால் தாழ்வதனால் அன்று. வேகமும் உயரமும் நீளமும் சேர்ந்தே அதை நிர்ணயிக்கின்றன.

வளைவில் வண்டி பக்கமாகச் சாய்வதைத் தடுக்கும் குறுக்குத் தண்டுகளின் விஷயமும் இதைப் போன்றதே. பின்புறத்தில் தடித்த தண்டு போட்டால் வண்டி சாயாமல் சுறுசுறுப்பாகத் திரும்பும். ஓட்டிப் பார்க்கிறவருக்கு ஒரே உற்சாகம். ஆனால் உட்புறப் பின் சக்கரத்தின் பாரத்தை அது பிடுங்கி வெளிச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். வளைவு முடியுமுன் மிதித்தால் உட்சக்கரம் வீணே சுழலும், வால் விலகும். பின் சக்கரங்களால் ஓடும் பலமான வண்டிக்கு முன்புறம் சற்றுக் கடினமாகவும் பின்புறம் சற்று இளக்கமாகவும் இருப்பதே சாதாரண நியாயம். பின் சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் மிகச் சிறிதளவு உள்நோக்கி இருக்கும்படி வைப்பதும் நேர் ஓட்டத்துக்கு உதவும். வால் தாழும்போது அவை வெளிநோக்கித் திரும்புமானால், நேர்ப் பாதையிலேயே வண்டி அலைபாயும்.

டபிள்யூ 125-இன் யந்திரம் 5,660 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ளது. பரீட்சைச் சாலையில் அது கொடுத்த சக்தி 592 குதிரைகள். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்திலும் சக்கரத்தை வழுக்கச் செய்யக்கூடிய சக்தி அது. கிராண்ட் பிரிக்ஸ் வண்டிகளில் இத்தகைய சக்தி சர்வ சாதாரணமானது 1980-களில்தான். முந்திய வருஷத்து வண்டியைவிட அதிகச் சக்தி. ஆயினும் ஓட்டுவதற்கு அதைவிட எளிது. 1937-ம் வருஷம் மே மாதத்தில் ட்ரிபோலியில் நடந்த முதல் பெரிய பந்தயத்திலேயே ஹெர்மன் லாங் அதில் ஜயித்தார். அந்த லாங் யார் தெரியுமா? அதே கம்பெனியின் பந்தயக் கொட்டகையில் மெக்கானிக்காக இருந்து ஓட்டியானவர். பின்னர் மானகோவில் பிரௌஹிட்ஸும், ஜெர்மனி, ஸ்விட்ஸர்லாந்து, இத்தாலி முதலிய இடங்களில் கரச்சியோலாவும் வென்றார்கள். ஐரோப்பியப் பட்டம் கரச்சியோலாவுக்குத் திரும்பி வந்தது.

வெற்றிக் கணக்கோடு வேறொரு கணக்கும் உண்டு. அவ்வருஷம் ஜூலை மாதத்தில் நூர்பர்க்ரிங்கில் நடந்த ஜெர்மன் பந்தயத்தில் ஆட்டோ யூனியன் வண்டி ஓட்டிய எர்ன்ஸ்ட் பான் டேலியுஸ் விபத்துக்குள்ளாகி மறுநாள் இறந்தார். அந்நாட்களில் ஓட்டிகளின் தலையில் இருந்தது துணித் தொப்பி. இடுப்பில் பட்டி கிடையாது. வண்டியின் வில்லில் ஒரு பிழை என்பது அக்காலத்தில் கடிகாரத்தில் சில விநாடிகள் தாமதம் என்பதோடு நின்றுவிடவில்லை. அடுத்த வருஷத்தில் விதி மாறி, ஊதுயந்திரம் வைத்தவற்றுக்கு 3 லிட்டர் என்று யந்திரத்தின் அளவுக்கே எல்லை ஏற்பட்டது. ஆட்டோ யூனியன் கம்பெனியாரும் அப்போது ஆடும் அச்சைக் கைவிட்டு டி டியோன் அச்சுக்கு வந்தார்கள். ஓட்டியின் ஆசனத்தையும் பின்னுக்குத் தள்ளினார்கள். அந்த வண்டியில்தான் இத்தாலிய வீரர் நுவோலாரி 1938-ம் வருஷம் அக்டோபரில் இங்கிலாந்தின் டானிங்டன் பந்தயத்தை வென்றார்.

இத்துடன் ஆடும் அச்சின் ஆயுள் முடிந்தது என்று நேயர்கள் நினைக்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் உலகம் அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. யுத்தத்துக்குப் பின் 1954-ம் வருஷத்தில் அதே மெர்ஸிடிஸ் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த 300 எஸ். எல். என்ற புகழ்பெற்ற வண்டியில் ஆடும் அச்சே இருந்தது. கதவுகள் இறகுபோல் மேல்நோக்கித் திறக்கும் வண்டி அது. கதவைக் கண்டு மயங்கி வாங்கிய செல்வர்கள் சிலர், வளைவில் காலை எடுத்தபோது பின்னாலும் இறகுகள் இருப்பதை அறிந்துகொண்டார்கள். 1957-ம் வருஷத்துத் திறந்த வண்டியில் கீலை மிகவும் கீழே இறக்கி, பல்சக்கரப் பெட்டிக்கு அடியில் ஒரே கீலாக வைத்தார்கள். கீல் தாழ்ந்தால் வண்டியை மேலே நெம்பும் விசை குறைகிறது; கை நீண்டால் சக்கரம் சாய்வதும் குறைகிறது. இந்தத் தாழ்ந்த கீல் அதற்கு முன்பே 1954-ம் வருஷத்துப் பந்தய வண்டியில் பரீட்சிக்கப்பட்டது. ஊலன்ஹாட்டே அதற்குப் பொறுப்பாளர். ஆடும் அச்சை 1937-இல் ஒழித்த அதே மனிதர் குறையைத் திருத்தி அதை மறுபடி அழைத்துக்கொண்டார். பிடிவாதம் அவருக்கு வில்லின் மீதும் இல்லை, அச்சின் மீதும் இல்லை போலும்.

1955-ம் வருஷத்துப் பந்தய வண்டியின் அடிப்படையில் மேற்கூரையுள்ள வண்டிகள் இரண்டு செய்யப்பட்டன. பந்தயத்துக்கு அவை போகவில்லை. ஒன்றை ஊலன்ஹாட் தம் அலுவல் பிரயாணங்களுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அது போட்ட சத்தத்தை அடக்க ஒரு பெட்டி அளவு பெரிய ஸைலன்ஸரைப் பக்கத்தில் கட்ட வேண்டியிருந்தது. 1989-ம் வருஷத்தில் அவர் காலமானார். அவ்விரண்டில் ஒன்றை 2022-ம் வருஷம் மே மாதத்தில் ஸ்டட்கார்ட் நகரத்தில் ஏலம் விட்டபோது, 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு எடுத்தார்கள். அதுவரை எந்த மோட்டாரும் அவ்வளவு விலைக்குப் போனதில்லை. மற்றொன்று கம்பெனியிடமே இருக்கிறது. இரண்டின் அடியிலும், பல்சக்கரப் பெட்டிக்குக் கீழே, அந்தத் தாழ்ந்த கீல் உண்டு.